விசாரணைக்கு யாரை அழைத்துப் போகலாம்?

மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து உள்விசாரணைக் கடிதம் வந்தது. துணைக்குத் தொழிற்சங்கச் செயலாளரை அழைத்து வருகிறேன் என்று எழுதினேன். மனிதவளப் பிரிவு மறுத்துவிட்டது. கையேட்டின்படி ‘அதே பிரிவின் ஊழியர்’ மட்டுமே வரலாமாம். என் பிரிவில் இருப்பதே மூன்று பேர்: நான், என்மீது புகார் கொடுத்த மேற்பார்வையாளர், பயிற்சிக்கு வந்த பையன்!

வழக்கறிஞரான மச்சானை அழைத்து வரலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வெளியாள் கூடாது என்றார்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவைப் புரட்டினேன். முறையான விசாரணை வேண்டும், இடைநீக்கம் இரண்டு வாரத்தைத் தாண்டக்கூடாது, அரைச் சம்பளமாவது தர வேண்டும் என்கிறது. துணைக்கு யார் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்கு நாள் வீண்.

விடை, சங்கமும் நிறுவனமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. சம்பள அட்டவணைகளுக்குப் பின்னால், யாரும் புரட்டாத இணைப்பில் ஒரே வரி: சங்கப் பொறுப்பாளர் உடனிருக்கலாம். 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, கூட்டு ஒப்பந்தத்தின் பணி நிபந்தனைகள் அதற்குட்பட்ட ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்திலும் அடங்கியவை. இரண்டையும் குறிப்பிட்டு நான்கு வரிக் கடிதம் கொடுத்தேன். மறுநாள் மாலை அனுமதி வந்தது. அப்பாடா! விசாரணையன்று செயலாளர் அந்த இணைப்பின் நகலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.