மூளை ரத்தக்கசிவில் இதயத் துடிப்பு தடுமாறினால்

சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு (மூளையைச் சூழ்ந்த உறைகளுக்கிடையே ரத்தம் கசிவது) நோயாளியின் மானிட்டரில் துடிப்பு 42, ரத்த அழுத்தம் 210/100 என்று வந்தால் கை தானாக, துடிப்பை வேகப்படுத்தும் அட்ரோபினுக்குப் போகும். முதலில் கண்மணியைப் பாருங்கள். ஒன்று விரிந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் இதயத்தில் இல்லை, மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, மண்டை அழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம் ஏற்றி, நியூரோசர்ஜனை அழையுங்கள். மண்டை அழுத்தம் இறங்குமுன் ரத்த அழுத்தத்தைத் தடாலென்று இறக்காதீர்கள். மூளைக்கு ரத்தம் போய்ச் சேருவதே அந்த உயர்வால்தான்.

அதே மானிட்டால் சிறுநீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துப்போகும். வாந்திக்கு ஒன்டான்செட்ரானும் போட்டிருப்போம். ரத்தக்கசிவால் ஏற்கெனவே நீண்டிருக்கும் க்யூடி (இசிஜியில், இதயக் கீழறைகள் சுருங்கி மீள எடுக்கும் நேரம்) இவற்றால் இன்னும் நீளும். தினமும் இசிஜி எடுங்கள். துடிப்பின் வேகத்துக்கேற்ப க்யூடியைத் திருத்தும் சூத்திரங்களில், துடிப்பு வேகமாக இருந்தால் பாசெட் கணக்கு மிகைப்படுத்தும், ஃப்ரிடெரிசியாவே மேல். 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் க்யூடியை நீட்டும் மருந்துகளை நிறுத்தி, பொட்டாசியத்தை லிட்டருக்கு 4.5 மில்லிமோலுக்கு மேல் வையுங்கள்.

நீண்ட க்யூடியால் வரும் ஆபத்தான தாறுமாறுத் துடிப்பான டோர்சாட் வந்துவிட்டால் மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், ஐவி, 10 நிமிடத்தில். நாடி இல்லையென்றால் உடனே சிபிஆர், ஷாக். பழக்கதோஷத்தில், துடிப்பைச் சீராக்கும் மருந்தான அமியோடரோனை எடுக்காதீர்கள், அது க்யூடியை மேலும் நீட்டும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) என்றால் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பற்றிய பேச்சு நியூரோசர்ஜன் சம்மதித்த பிறகு.