கோ-கார்ட்டை ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மாற்றிப் புகையில்லாமல் ஓட்டுவது எப்படி

டூ ஸ்ட்ரோக் கார்ட்டுக்குப் பின்னால் ஒரு சுற்று ஓட்டியவருக்கு, தலைக்கவசத்துக்குள் புகுந்துவிடும் அந்த நீலப் புகையின் வாடையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புதிய பெட்ரோல்-காற்றுக் கலவை சிலிண்டருக்குள் நுழையும்போது எக்ஸாஸ்ட் துளையும் திறந்தே இருப்பதால், கார்புரேட்டர் பொருத்திய எஞ்சின்களில் அக்கலவையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறிவிடக்கூடும். எக்ஸாஸ்ட் குழாயில் உப்பலாக இருக்கும் எக்ஸ்பான்ஷன் சேம்பர் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தள்ளினாலும், அது எந்தச் சுழற்சி வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டதோ அந்த வேகத்தில்தான் முழுப் பலன் தரும். வளைவில் வேகம் குறைந்ததும் அந்த உதவி நின்றுவிடுகிறது. இதற்கு மேல், பெட்ரோலில் 2 முதல் 6 விழுக்காடு வரை கலக்கும் ஆயிலும் எரிந்தும் எரியாமலும் காற்றில் போய்ச் சேருகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலவை உள்ளே வரவும் புகை வெளியேறவும் தனித்தனி வால்வுகள் இருப்பதாலும், ஆயில் கிராங்க்கேஸ் எனும் எஞ்சினின் அடிக்கூட்டிலேயே தங்கிவிடுவதாலும் இவ்விரண்டு குறைகளும் பெருமளவு நீங்குகின்றன. ஆனால் எஞ்சினை மாற்றியவுடன் வேலை முடிந்துவிட்டதென்று நினைப்பவர்களே அதிகம். சரியாகப் பராமரிக்காத ஃபோர் ஸ்ட்ரோக் கண்ணுக்குத் தெரியும் புகையை நிறுத்திவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடைத் தாராளமாகக் கக்கும்.

முதலில் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாடகைக் கார்ட்டுகளில் பரவலாகக் காணப்படும் ஹோண்டா ஜிஎக்ஸ்200, 196 சிசி கொள்ளளவும் 3600 ஆர்பிஎம்மில் 4.1 கிலோவாட் திறனும் உடையது. பந்தயத்துக்கென்றே வந்த பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எல்ஓ206, 204 சிசி எஞ்சின். தொழிற்சாலையிலேயே முத்திரையிடப்படுவதால் உள்ளே கை வைக்க இடமில்லை. என் தேர்வு இரண்டாவதுதான். யாரும் திறனைக் கூட்டுவதற்காகப் பாகங்களைக் கழற்றி மாற்றிக்கொண்டிருப்பதில்லை என்பதால் குப்பைக்குப் போகும் உலோகமும் குறைகிறது. ஜிஎக்ஸ் வகையை வாங்கினால், கூடுதல் வேகத்துக்கு ஆசைப்பட்டு சுழற்சி வேகத்துக்கு வரம்பு வைக்கும் அதன் கவர்னரைக் கழற்றிவிடக் கூடாது. சாதாரணக் கனெக்டிங் ராடும் ஃபிளைவீலும் அந்தச் சுழற்சி வேகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பொருத்தும் வேலையில் பெரிய சிக்கல் இல்லை. அடித்தட்டை மாற்ற வேண்டும். எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் சுழல்வதால் பின் ஸ்பிராக்கெட்டையும் (சங்கிலி ஓடும் பற்சக்கரம்) சிறியதாக்க வேண்டும். இரு ஸ்பிராக்கெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்விளிம்புக் கம்பியை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயில் விஷயத்தில்தான் டூ ஸ்ட்ரோக் பழக்கம் காலை வாரும். சமதரையில் நிறுத்தி அளவு பார்த்து, குறித்த கோட்டுக்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றாமல் நிறுத்த வேண்டும். மிகுந்த ஆயில் வளைவுகளில் அலைமோதி, கிராங்க்கேஸின் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே வெளியேறும், அக்குழாய் ஏர் ஃபில்ட்டருக்குச் செல்லும் எஞ்சினாக இருந்தால் எரியறைக்கே போய்ப் புகையாகும். எனவே பிரீதரின் நுனியை ஒரு சிறு பாட்டிலுக்குள் விட்டுக் கட்டிவைப்பது நல்லது. பந்தயம் முடிந்ததும் கார்ட்டைப் பின்பம்பரின் மேல் செங்குத்தாக நிறுத்தி வைக்கும் வழக்கம் டூ ஸ்ட்ரோக்குக்குப் பொருந்தும். ஆயில் நிரம்பிய ஃபோர் ஸ்ட்ரோக்கை அப்படி நிறுத்தினால் மறுநாள் காலை தரையில் கருத்த வட்டமும், ஸ்டார்ட் செய்தவுடன் வெண்புகையும்தான் மிஞ்சும். ஜிஎக்ஸ் வகைக்கு முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயில் மாற்றச் சொல்கிறது கையேடு. அது பொதுப் பயன்பாட்டுக்கான கணக்கு, பந்தயத்தில் இன்னும் சீக்கிரமே மாற்ற வேண்டும். வடித்த ஆயிலில் பெட்ரோலோ தண்ணீரோ கலக்காமல் மூடிய கேனில் சேர்த்து, மறுசுழற்சி செய்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

இனி கார்புரேட்டர். எஞ்சின் முழுதாகச் சூடான பிறகு, நீண்ட நேர்பாதையில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி, வேகம் குறையும் முன்னரே எஞ்சினை அணைத்து உருண்டு வந்து நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அணைக்காமல் குறைந்த வேகத்தில் பிட் (வண்டிகளை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வரை வந்தால் பிளக்கின் நிறம் அந்த மெதுவான ஓட்டத்தைத்தான் சொல்லும். நடு மின்முனையைச் சுற்றிய வெண்பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் சரி. கரிப்பொடி உலர்ந்து படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். அத்தனைக்கும் போதுமான ஆக்சிஜன் இல்லாததால்தான் கார்பன் மோனாக்சைடு பெருகுகிறது. அப்போது மெயின் ஜெட்டை (பெட்ரோல் பாயும் துளையுள்ள சிறு திருகு) ஒரு எண் குறைத்து மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, வால்வு சூடேறிக் கெடும். ஜெட் மாற்ற விதி இடம் தராத பிரிவுகளில் ஏர் ஃபில்ட்டரின் சுத்தத்தையும் கார்புரேட்டர் மிதவையின் உயரத்தையும் பார்ப்பதே வழி.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு மாறும்போது இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். ஆகையால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். ஜிஎக்ஸ் வகைக்கு எத்தனால் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுப்பதால், கார்ட் சில வாரங்கள் நிற்கப்போகிறது என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும்.

வால்வு இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையேயுள்ள சிறு இடம்) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகடுகளால் பார்க்கலாம். எஞ்சினுக்கு எஞ்சின் அளவு மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்தே சரிசெய்ய வேண்டும். இடைவெளி அறவே போய்விட்டால் வால்வு இருக்கையில் முழுதாக அமராமல் எரியாத பெட்ரோல் கசியும்.

இவ்வளவும் திறந்தவெளித் தடங்களுக்கே பொருந்தும். கூரையுள்ள அரங்குகளில் எவ்வளவு நேர்த்தியான ஃபோர் ஸ்ட்ரோக்கும் கூடாதென்பதே என் கருத்து. அங்கே மின்சாரக் கார்ட்டுகளே தகும். வெளித்தடத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் டேங்கை எடைபோட்டு, செலவான பெட்ரோலையும் சராசரிச் சுற்று நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். சுற்று நேரம் மாறாமல் பெட்ரோல் மட்டும் கூடினால், அடுத்த ஓட்டத்துக்கு முன் முதலில் ஏர் ஃபில்ட்டரையும், அடுத்து பிளக்கையும், பிறகு வால்வு இடைவெளியையும் பார்க்க வேண்டும்.