புது சீசனுக்கு முன் ஒரு கல்லூரி கூடைப்பந்து கார்டை எடைபோடுவது எப்படி? (கரியின் 2008 கணக்கோடு)

என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்) பார்த்துப் பழகி, அங்கிருந்து அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்துக்கு வருகிறவர்கள் சீசன் தொடங்கும் முன் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இந்தப் பையன் இந்த வருஷம் எத்தனை பாயிண்ட் அடிப்பான்?" அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும், தூரத்திலிருந்து வீசும் ஆட்டக்காரர்) என்றால் முதலில் பார்க்க வேண்டியது, இந்த வருஷம் அவருக்கு என்ன வேலை கொடுக்கப்போகிறார்கள் என்பதை. வேலை மாறினால் மற்ற எண்கள் எல்லாம் கூடவே நகரும்.

முடிவு தெரிந்த ஒருவரை வைத்துச் செய்து பார்ப்போம். அப்போதுதான் முறை வேலை செய்கிறதா என்று தெரியும். ஆள்: டேவிட்சன் கல்லூரியின் ஸ்டெஃபன் கரி. காலம்: 2008 அக்டோபர். இரண்டு சீசன் முடிந்துவிட்டது, மூன்றாவது தொடங்க வேண்டும். பாக்ஸ் ஸ்கோர் (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை) படிக்கவும் ஷீட்டில் ஃபார்முலா போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எண்களை எடுங்கள்

ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் தளத்தின் கல்லூரிப் பிரிவே போதும், இலவசம். கென்பாம் என்ற கல்லூரி கூடைப்பந்துப் புள்ளிவிவரத் தளத்துக்குச் சந்தா கட்டச் சொல்லிப் பலர் சொல்வார்கள். அணிகளை ஒப்பிட அது அருமையானது. ஒரு ஆளைப் பார்க்க அந்தக் காசு தேவையில்லை என்பது என் கட்சி.

பிற்சேர்க்கை: "ஷீட்டில் 2007-08 என்று ஒட்டினால் 2007 ஆகஸ்ட் என்று மாறிவிடுகிறது" என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை வெறும் டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்றிப் பலனில்லை. பாக்ஸ் ஸ்கோரில் வரும் "5-12" போன்றவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

படி 2: 40 நிமிடத்துக்கு மாற்றுங்கள்

கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். சராசரியை, ஆடிய நிமிடத்தால் வகுத்து 40-ஆல் பெருக்குங்கள். முதல் வருஷம் கரி 30.9 நிமிடத்தில் 21.5 பாயிண்ட், 2.8 அசிஸ்ட் (கூட்டாளி பாயிண்ட் எடுக்க உதவிய பாஸ்). இரண்டாம் வருஷம் 33.1 நிமிடத்தில் 25.9 பாயிண்ட், 2.9 அசிஸ்ட். மாற்றிப் பார்த்தால் பாயிண்ட் 27.8-லிருந்து 31.3. அசிஸ்ட்டோ 3.6-லிருந்து 3.5. மேலோட்டமாகப் பார்த்தால் கூடியது போலிருந்த அசிஸ்ட் உண்மையில் நகரவே இல்லை. இதை மனதில் வையுங்கள், படி 4-இல் தேவைப்படும்.

படி 3: மூன்று புள்ளி சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள்

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள், ஆகவே மெதுவாகப் போவோம். 2007-08-இல் கரி 369 வீசி 162 போட்டார், 43.9%. ஒரே சீசனில் 162 என்பது அன்றைக்கு என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) சாதனை. ஆனால் 369 என்பது சின்ன எண்ணிக்கை. சதவீதத்தை 0.439 என்று எழுதி, அதை 0.561-ஆல் பெருக்கி, 369-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 2.6% வரும். அதன் இருமடங்கை மேலும் கீழும் வைத்தால், அவருடைய உண்மையான திறன் 39-க்கும் 49-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு முழு சீசன் ஆடியும் இவ்வளவு அகலம்!

அதனால் இரண்டு வருஷத்தையும் கூட்டுங்கள். முதல் வருஷம் 299-க்கு 122. மொத்தம் 668-க்கு 284, அதாவது 42.5%. அப்புறம் ஃப்ரீ த்ரோ பாருங்கள்: 85.5, அடுத்து 89.4. தடுப்பார் இல்லாமல் வீசும்போது கை எப்படி இருக்கிறது என்று சொல்வது இதுதான். ஆளின் ஷூட்டிங்கை மதிப்பிட எனக்கு மிகப் பிடித்த எண்.

அடுத்து, விதி ஏதாவது மாறியதா? மாறியது. 2008-09 சீசனுக்கு ஆண்களின் மூன்று புள்ளிக் கோட்டை 19 அடி 9 அங்குலத்திலிருந்து ஒரு அடி பின்னுக்குத் தள்ளினார்கள். ஆக 42.5-லிருந்து கொஞ்சம் கழித்து எதிர்பார்ப்பதே நியாயம்.

படி 4: அணியை விட்டு யார் போனார்?

மொத்த வேலையில் பாதி இதுதான். முந்தைய வருஷத்து அணிப் பட்டியலை எடுத்துக் கடைசி வருஷக்காரர்களைப் பாருங்கள். டேவிட்சனில் பந்தை நடத்தியவர் ஜேசன் ரிச்சர்ட்ஸ். 2007-08-இல் ஆட்டத்துக்கு 8.1 அசிஸ்ட், நாட்டிலேயே முதலிடம். கரியின் அசிஸ்ட் ஏன் அசையவில்லை என்று இப்போது புரிகிறதா? பந்து அவர் கையிலேயே இல்லை. ரிச்சர்ட்ஸ் பாஸ் கொடுக்கும் பந்தை, திரைகளை (எதிரணியை மறித்து நிற்கும் கூட்டாளிகளை) சுற்றி ஓடிவந்து வாங்கிக் கூடைக்கு வீசுவதுதான் கரியின் வேலை.

ரிச்சர்ட்ஸ் படிப்பை முடித்துப் போய்விட்டார். பயிற்சியாளர் பாப் மெக்கிலப் பாயிண்ட் கார்டு வேலையை, அதாவது பந்தை நடத்தும் வேலையை, கரியிடம் கொடுத்தார். அப்படியானால் கணிப்பு இப்படி வரும்: அசிஸ்ட் நன்றாக ஏறும், டர்ன்ஓவரும் (பந்தை எதிரணியிடம் இழப்பது) ஏறும், தானே உருவாக்கும் கடினமான வீச்சு கூடுவதால் சதவீதம் இறங்கும்.

படி 5: வீடியோ

ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் தவறிய பந்து இருக்காது. 2008 மார்ச்சில் கான்சஸிடம் 59-57 என்று தோற்ற முழு ஆட்டத்தையும் பாருங்கள். கடைசி நொடிகளில் கரியை இருவர் மறிக்க, அவர் ரிச்சர்ட்ஸுக்குத் தள்ளினார். அந்த வீச்சு விழவில்லை. அடுத்த வருஷம் எதிரணிகள் என்ன செய்யும் என்பது அதிலேயே தெரிகிறது.

நவம்பரில் லயோலா மேரிலாண்ட் ஆட்டம் முழுக்க இரண்டு பேரை அவர் மேல் ஒட்டவைத்தது. கரி ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை, மூன்றே வீச்சு. டேவிட்சன் 78-48 என்று ஜெயித்தது. மீதி நால்வரை மூவர் காத்தால் வேறென்ன நடக்கும்!

படி 6: எழுதி வைத்து ஒப்பிடுங்கள்

2008-09 முடிவு: 28.6 பாயிண்ட், நாட்டில் முதலிடம். அசிஸ்ட் 5.6, 40 நிமிடத்துக்கு 6.6. டர்ன்ஓவரும் கூடியது. மூன்று புள்ளி 38.7%. ஃப்ரீ த்ரோ 87.6%, கை மாறவில்லை. சதவீதத்தை மட்டும் பார்த்தவர்கள் "கரி இறங்கிவிட்டார்" என்று சொல்லியிருக்கலாம். அசிஸ்ட் நெடுவரிசையைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: பெண்கள் ஆட்டத்துக்கும் இது பொருந்துமா என்று கேட்டார்கள். பொருந்தும். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் மூன்று புள்ளியில் முதல் வருஷம் 40.6%, அடுத்த வருஷம் 33.2%. அந்த 2021-22 சீசனில்தான் பெண்களின் கோடும் 22 அடி 1¾ அங்குலத்துக்குப் பின்னே போனது. மூன்றாம் வருஷம் 38.9%. அவருக்கும் படி 3-ஐப் போட்டுப் பாருங்கள். ஆனால் கோடு மாறிய வருஷத்தை மற்றதோடு கூட்டாமல் தனியாக வையுங்கள்.