வேகம், தூரம், நேரம்: கணக்கில் மாறாதது எது என்று முதலில் பாருங்கள்

வேகக் கணக்கு என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சூத்திரம்தான். தூரம் = வேகம் × நேரம். அது எல்லோருக்கும் தெரிகிறது, ஆனாலும் தேர்வில் மதிப்பெண் போகிறது. மாணவர்களின் தாள்களைப் பார்த்த வரையில், சூத்திரம் மறந்து போய்த் தவறு செய்தவர்கள் மிகவும் குறைவு. அலகில் தடுமாறியவர்களும், கணக்கில் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பார்க்காதவர்களும்தான் அதிகம். அந்த இரண்டையும் சரிசெய்து கொண்டால் போதும், மீதி எல்லாம் கூட்டலும் பெருக்கலும்தான்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல் வாசிப்பது

"மணிக்கு 60 கி.மீ" என்பதை ஒரு வாக்கியமாகவே வாசியுங்கள்: ஒரு மணி நேரம் போனால் 60 கி.மீ தாண்டியிருப்போம். அப்படியானால் 3 மணி நேரத்தில்? 180 கி.மீ. 150 கி.மீ போக எவ்வளவு நேரம்? 150-இல் எத்தனை 60 இருக்கிறது என்று பார்த்தால் இரண்டரை. ஆகவே இரண்டரை மணி நேரம். பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். முக்கோணம் வரைந்து ஒன்றை மறைத்துப் பார்க்கும் முறையும் உதவும்தான். ஆனால் பதற்றத்தில் எது மேலே, எது கீழே என்று மறந்து போகும். வாக்கியமாக வாசிக்கப் பழகியவருக்கு அந்தச் சிக்கல் வராது.

அலகு: பாதித் தவறு இங்கேதான்

கணக்கைத் தொடும் முன் ஒரு வேலை. கொடுத்த எண்களின் பக்கத்தில் கி.மீ, மீட்டர், மணி, வினாடி என்று அலகை எழுதிவிடுங்கள். கலந்திருந்தால் முதலில் மாற்றுங்கள்.

மணிக்கு 72 கி.மீ என்றால் 3600 வினாடியில் 72,000 மீட்டர். வகுத்தால் வினாடிக்கு 20 மீட்டர். இதையே சுருக்கினால் 5/18 ஆல் பெருக்குவது. திரும்ப மாற்ற 18/5, அதாவது 3.6 ஆல் பெருக்க வேண்டும். எதை எங்கே போடுவது என்று குழம்பினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரே வேகத்தை மீட்டர்/வினாடியில் எழுதும்போது எண் எப்போதும் சிறியதாகத்தான் வரும். 72 இருபதாகக் குறைந்தது அல்லவா, அதுபோல. தேர்வில் பெரும்பாலும் 18, 36, 54, 72, 90 ஆகியவைதான் வரும். அவை வரிசையாக 5, 10, 15, 20, 25 ஆகும். இந்த ஐந்தும் நாக்கு நுனியில் இருந்தால் நேரம் மிச்சம்.

அப்புறம், 2 மணி 30 நிமிடத்தை 2.30 என்று எழுதிப் பெருக்கிவிடாதீர்கள். அது 2.5. இருபது நிமிடம் போன்றவற்றைத் தசமத்தில் எழுதவே வேண்டாம், 1/3 மணி என்று பின்னமாகவே வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அழகாக அடிபடும்.

மாறாததைப் பிடிப்பது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு கணக்கு:

*ஒருவர் மணிக்கு 4 கி.மீ வேகத்தில் நடந்தால் 10 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்கிறார். மணிக்கு 5 கி.மீ வேகத்தில் நடந்தால் 5 நிமிடம் முன்னதாகவே சேர்ந்துவிடுகிறார். தூரம் எவ்வளவு?*

எத்தனை நிமிடம் நடந்தார் என்று எங்கேயும் சொல்லவில்லை, தூரமும் தெரியாது. இங்கேதான் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். நிதானமாகக் கேளுங்கள்: இரண்டு நடைக்கும் பொதுவாக மாறாமல் இருப்பது எது? தூரம். வீதி அதேதான், வேகம்தான் மாறியது.

தூரம் மாறாவிட்டால் வேகமும் நேரமும் எதிர் விகிதத்தில் இருக்கும். வேகம் 4 : 5, எனவே நேரம் 5 : 4. வித்தியாசம் ஒரு பங்கு. நிமிடத்தில் அந்த வித்தியாசம் எவ்வளவு? 10 நிமிடம் தாமதம், 5 நிமிடம் முன்னதாக. குறித்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பத்து, இந்தப் பக்கம் ஐந்து, ஆக மொத்தம் 15 நிமிடம். ஒரு பங்கு 15 நிமிடம் என்றால் முதல் நடை 5 × 15 = 75 நிமிடம், அதாவது 5/4 மணி. தூரம் = 4 × 5/4 = 5 கி.மீ.

சரிபார்ப்போம். 5 கி.மீ தூரத்தை மணிக்கு 5 கி.மீ வேகத்தில் நடந்தால் 60 நிமிடம். 75-க்கும் 60-க்கும் வித்தியாசம் 15. சரி.

இதே கணக்கில் "10 நிமிடம் தாமதம், 5 நிமிடம் தாமதம்" என்று இருந்தால் இரண்டும் ஒரே பக்கம். அப்போது கழிக்க வேண்டும், வித்தியாசம் 5 நிமிடம்தான். ஒரே ஒரு சொல்லில் விடை மாறிவிடும் என்பதால்தான் கேள்வியை இரண்டு முறை வாசிக்கச் சொல்கிறேன்.

சராசரி வேகம்

போகும்போது மணிக்கு 40, திரும்பும்போது 60. சராசரி 50 என்று கை தானாக எழுதும். தவறு. தூரம் 120 கி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள் (40, 60 இரண்டாலும் வகுபடும் எண்ணாகத் தேர்ந்தெடுத்தால் வேலை சுலபம்). போக 3 மணி, வர 2 மணி. மொத்தத் தூரம் 240, மொத்த நேரம் 5 மணி, சராசரி 48. மெதுவான வேகத்தில் அதிக நேரம் கழிந்ததால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டு வேகத்திலும் சமமான *நேரம்* போயிருந்தால் மட்டுமே 50 சரி. இங்கேயும் அதே கேள்விதான்: மாறாதது தூரமா, நேரமா?

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இதில் உண்டு. 60 கி.மீ தூரத்தை மணிக்கு 30 கி.மீ வேகத்தில் போய்விட்டீர்கள். போய்வந்த மொத்தச் சராசரி 60 ஆக இருக்க, திரும்பும்போது என்ன வேகத்தில் வர வேண்டும்? 90 என்று தோன்றும். ஆனால் 120 கி.மீ தூரத்தை 60 வேகத்தில் முடிக்க மொத்தம் 2 மணி நேரம்தான். அந்த 2 மணியும் போகும்போதே தீர்ந்துவிட்டது. எந்த வேகத்தில் வந்தாலும் முடியாது!

ரயில் கணக்கு: ஒரு பென்சிலும் ரப்பரும்

அக்கா மகளுக்கு ரயில் கணக்கில் நீளத்தை ஏன் கூட்ட வேண்டும் என்பதுதான் புரியவே இல்லை. மேஜையில் ஒரு ரப்பரை வைத்து, அதன் ஓரமாகப் பென்சிலை நகர்த்தச் சொன்னேன். பென்சில் முனை ரப்பரின் தொடக்கத்தைத் தொடும்போது ஆரம்பம். பென்சிலின் வால் ரப்பரின் மறுமுனையை விட்டு விலகும்போது முடிவு. "முனை எவ்வளவு தூரம் போயிருக்கு?" என்று கேட்டேன். அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டையும் சேர்த்து" என்றாள். அதன் பிறகு அவள் அந்தத் தவறைச் செய்ததில்லை.

ஆகவே 150 மீ நீள ரயில் மணிக்கு 54 கி.மீ வேகத்தில், அதாவது வினாடிக்கு 15 மீ வேகத்தில், ஒரு கம்பத்தைத் தாண்ட 150 ÷ 15 = 10 வினாடி. 300 மீ நீளப் பிளாட்பாரத்தைத் தாண்ட 450 ÷ 15 = 30 வினாடி.

எதிரே மணிக்கு 72 கி.மீ வேகத்தில் 200 மீ ரயில் வந்தால்? வேகங்களைக் கூட்டுங்கள்: 15 + 20 = 35. நீளம் 350. பத்தே வினாடி. அந்த ரயில் எதிரே வராமல், பின்னால் இருந்து அதே திசையில் வந்து முந்துகிறது என்றால் வேகங்களைக் கழிக்க வேண்டும்: 350 ÷ 5 = 70 வினாடி. படகுக் கணக்கும் இதேதான், ஓட்டத்தோடு போனால் நீரின் வேகத்தைக் கூட்டுங்கள், எதிர்த்துப் போனால் கழியுங்கள்.

விடை நம்பும்படி இருக்கிறதா?

2009-இல் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 37.6 கி.மீ. நடந்து போகிறவரின் வேகம் உங்கள் தாளில் மணிக்கு 45 கி.மீ என்று வந்தால், அலகை எங்கேயோ மாற்ற மறந்திருக்கிறீர்கள். அந்த ஒரு நொடிச் சந்தேகம் மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

இனி நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு ரயில் கம்பத்தை 12 வினாடியிலும், 240 மீ பிளாட்பாரத்தை 28 வினாடியிலும் தாண்டுகிறது. வேகமும் நீளமும் என்ன? இரண்டு முறையும் ரயிலின் நீளம் மாறவில்லை. கூடுதலாகப் போன 16 வினாடி எதற்கு என்று மட்டும் யோசியுங்கள். வேகம் மணிக்கு 54 கி.மீ, நீளம் 180 மீட்டர் என்று வந்தால் சரி.