நெறியாளரைத் தேடுவோர் மேற்கோள் எண்களைப் படிக்கும் முறை

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றிலோ முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்ய நினைப்பவர், தம் ஆய்வை வழிநடத்தவிருக்கும் நெறியாளரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தைத்தான் (ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் இணையப் பக்கம்) இன்று முதலில் திறக்கிறார். அங்கு தெரியும் மேற்கோள் எண்களை, அதாவது அவருடைய கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியுள்ளன என்ற கணக்கை, வைத்து முடிவெடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

பட்டியலிலுள்ள கட்டுரைகள் அவருடையவைதாமா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் பகுதியில் முத்துக்குமார், இசக்கியப்பன், சுடலைமுத்து என்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. தலைப்பெழுத்தோ ஓர் இதழில் பெயருக்கு முன்னும் இன்னோர் இதழில் பின்னும் நிற்கும். தாவரவியலாளரின் கணக்கில் வேறொருவரின் உலோகவியல் கட்டுரை சேர்ந்துவிடுவது இதனால்தான். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உள்ள ஆர்சிட் அடையாள எண்ணைக் கொண்டோ, கட்டுரையில் அச்சாகியுள்ள துறை முகவரியைக் கொண்டோ சரிபார்க்கலாம். தொடர்பற்ற பல துறைகளில் ஒருவரே எழுதிக் குவித்திருப்பதாகத் தெரிந்தால், அவரைப் பல்கலை வல்லுநர் என்று வியப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது.

அடுத்தது, இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த எச்-குறியீடு. அது 12 என்றால், குறைந்தது 12 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 12 அவரிடம் உள்ளன என்று பொருள். மூன்றே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் மேற்கோள் பெற்றவருக்கும் அது 3-ஐத் தாண்டாது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறும் எண் என்பதால், ஓய்வை நெருங்கும் பேராசிரியரையும் அண்மையில் பணியேற்றவரையும் இதை வைத்து ஒப்பிடக் கூடாது.

துறை மாறினால் ஒப்பீடே பொருளற்றுப் போகும். கணிதக் கட்டுரைகள் குறைவான மேற்கோள்களை மெதுவாகப் பெறுகின்றன. மருத்துவ உயிரியலில் அவை விரைந்து குவிகின்றன. கிருஷ்ணாபுரத்திலுள்ள புவிகாந்தவியல் ஆய்வுக்கூடத்தில் நிலநடுக்கோட்டு அயனிமண்டலத்தை ஆராய்பவரின் வாசகர் வட்டமே சிறியது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் புதிய உயிரினத்தைக் கண்டு பெயரிட்டவரின் கட்டுரையோ, அந்தப் பெயரை எத்தனை பேர் எழுதினாலும், பெரும்பாலும் மேற்கோளாகக் கணக்கில் ஏறுவதில்லை. தமிழ் குறித்த ஆய்வு பெரும்பாலும் நூல்களிலும் தமிழ் இதழ்களிலும் வெளிவருவதால், ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் மிகக் குறைவாகவே தென்படும். அதை ஆய்வாளரின் குறையாகக் கருதுவது அநியாயம். மறுபுறம், ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வெளிவந்த இயற்பியல் கட்டுரைக்கு ஆசிரியர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர். அதன் மேற்கோள்கள் அத்தனை பேர் கணக்கிலும் சேரும்.

ஆகவே ஒரே துறையில், ஏறத்தாழ ஒரே காலத்தில் பட்டம் பெற்ற நான்கைந்து பேரை எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒரு கட்டுரையின் மேற்கோள்களை அதே துறையின் ஒத்த கட்டுரைகளோடு ஒப்பிட்டு ஸ்கோபஸ் தரும் துறைசார் எடையிட்ட அளவில் 1 என்பது உலகச் சராசரி. ஆனால் கட்டுரைகள் குறைவாக இருந்தால் ஒன்றே ஒன்றுகூட அதை உயர்த்திக் காட்டிவிடும். ஒருவர் தம் கட்டுரைகளைத் தாமே சுட்டிய சொந்த மேற்கோள்களை நீக்கிப் பார்க்கும் வசதியும் அங்கு உண்டு.

ஆசிரியர் வரிசையையும் துறையறிந்தே படிக்க வேண்டும். கணிதத்தில் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வரும்; உயிரியலில் வேலையை முன்னின்று செய்தவர் முதலிலும் ஆய்வகத் தலைவர் கடைசியிலும் நிற்பது வழக்கம். அந்த வழக்கம் உள்ள துறையென்றால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் ஷோத்கங்கா தளத்தில் அவரிடம் பயின்ற மாணவர்களின் ஆய்வேடுகளைத் தேடி, அவற்றிலிருந்து பிறந்த கட்டுரைகளில் முதற்பெயர் அந்த மாணவருடையதா என்று பாருங்கள். நெறியாளரைத் தேடுபவருக்கு எச்-குறியீட்டைவிட இதுவே பயன்படும்.