கோடைப் படம் ஓடுமா? அமெரிக்க வசூலை முன்கூட்டிக் கணிக்கும் வழி

அமெரிக்கத் திரையுலகின் கோடைப் பருவம் மே மாத முதல் வெள்ளிக்கிழமை தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தோடு முடிகிறது. இந்தக் காலத்தில் எந்தப் படம் ஓடும் என்று கணிக்க விரும்புகிறவர், முதல் மூன்று நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்பதையும், பார்த்தவர்கள் வெளியே வந்து என்ன சொல்வார்கள் என்பதையும் தனித்தனிக் கேள்விகளாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவதை விளம்பரமும் நட்சத்திரமும் முந்தைய பாகங்களும் தீர்மானித்துவிடும். இரண்டாவதைப் படம் மட்டுமே தீர்மானிக்கும். என் கணிப்பில் பாதிக்கு மேல் எடை அதற்குத்தான்.

2023 ஜூன் 16 அன்று சூப்பர்ஹீரோ படமான 'தி ஃபிளாஷ்', பிக்சார் நிறுவனத்தின் அனிமேஷன் படமான 'எலிமென்டல்' ஆகிய இரண்டும் ஒன்றாக வெளிவந்தன. உள்நாட்டில், அதாவது அமெரிக்காவிலும் கனடாவிலும், முதல் வார இறுதியில் ஃபிளாஷ் சுமார் 5.5 கோடி டாலரும், எலிமென்டல் சுமார் 3 கோடி டாலரும் வசூலித்தன. பிக்சாரின் மிகத் தாழ்ந்த தொடக்கங்களில் எலிமென்டலுடையதும் ஒன்று என்பதால், படம் தோற்றுவிட்டது என்றே பலரும் எழுதினார்கள். ஆனால் முதல் நாள் பார்வையாளர்களிடம் வாசலிலேயே கருத்துக் கேட்டு மதிப்பெண் தரும் சினிமாஸ்கோர், எலிமென்டலுக்கு 'ஏ'யும் ஃபிளாஷுக்கு 'பி'யும் கொடுத்திருந்தது. முதல் நாள் ஓடி வருகிறவர்கள் பெரும்பாலும் ரசிகர்களே. அவர்களே 'பி' கொடுத்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள் என்று கொள்ளலாம். அடுத்த வார இறுதியில் ஃபிளாஷின் வசூல் 70 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. எலிமென்டல் சுமார் 38 சதவீதமே இறங்கியது. முடிவில் உள்நாட்டில் ஃபிளாஷ் சுமார் 10.8 கோடியோடு நின்றது, எலிமென்டல் 15.4 கோடியைத் தொட்டது. தொடக்க வசூலைப் போல் ஒன்று இரு மடங்குகூட எட்டவில்லை, மற்றொன்று ஐந்து மடங்கைத் தாண்டியது.

ஆகவே ஒரு படத்தின் தொடக்க வசூலை அதே வகைப் படங்களின் வழக்கமான மடங்கால் பெருக்கிப் பாருங்கள். ரசிகர் கூட்டத்தை நம்பிய தொடர் படங்களுக்கு இரண்டு அல்லது இரண்டரை மடங்கு போதும். குழந்தைகளோடு குடும்பமாக வரும் படங்களுக்கு, பள்ளி விடுமுறையில் வார நாட்களிலும் அரங்கு நிறைவதால், மூன்றரைக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

பிறகு நாட்காட்டியைப் பாருங்கள். 2023 ஜூலை 12 அன்று வந்த 'மிஷன் இம்பாசிபிள்' படம், ஒன்பதே நாளில் ஐமேக்ஸ் திரைகளை 'ஓப்பன்ஹைமரு'க்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கட்டணம் அதிகமுள்ள அந்தத் திரைகள் கைவிட்டுப் போகும் தேதி முன்னரே தெரிந்திருந்ததால், இரண்டாம் வாரச் சரிவையும் அப்போதே ஊகித்திருக்கலாம்.

லாபக் கணக்குக்கு, உலகளாவிய வசூல் தயாரிப்புச் செலவின் இரண்டரை மடங்கை எட்ட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி திரையரங்குக்குப் போய்விடும்; விளம்பரச் செலவோ தயாரிப்புச் செலவில் சேராது. சுமார் 20 கோடியில் எடுக்கப்பட்ட எலிமென்டல் உலகளவில் 50 கோடியை நெருங்கியது, ஏறத்தாழ அதே செலவில் உருவான ஃபிளாஷ் சுமார் 27 கோடியில் முடிந்தது.

ஞாயிறன்று வெளியாகும் தொகை தயாரிப்பு நிறுவனங்களின் மதிப்பீடு மட்டுமே. உண்மைத் தொகை திங்களன்று வரும். முதல் வெள்ளியின் வசூலில் வியாழன் மாலைக் காட்சிகளும் சேர்ந்திருக்கும் என்பதால், அவற்றைக் கழித்துவிட்டே இரண்டாம் வெள்ளியோடு ஒப்பிட வேண்டும்.