எழுதியதை ஆறப்போட்டுத் திருத்தும் முறை

எழுதி முடித்த கையோடு திருத்த அமர்ந்தால் பிழைகள் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. சொல்ல நினைத்தது மனத்தில் இன்னும் பசுமையாக இருப்பதால், கண் எழுத்தைப் படிக்காமல் நினைவையே படித்துக்கொண்டு போகிறது. விடுபட்ட சொல்லைக்கூட மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. அந்த நினைவு மங்குவதற்கான இடைவெளியை எப்படி ஏற்படுத்திக்கொள்வது, அதன்பின் எந்த வரிசையில் திருத்துவது என்பதை, நான் பின்பற்றும் முறைப்படியே இங்கு எழுதுகிறேன்.

படி 1: ஐயக்குறிப்பு

கோப்பை மூடுவதற்கு முன், உறுத்தும் ஐயங்களை வேறொரு கோப்பில் எழுதி வையுங்கள். 'மூன்றாம் பத்தியில் வரும் ஆண்டைச் சரிபார்க்க வேண்டும்', 'முடிவு வலுவாக இல்லை' என்ற அளவில் இருந்தால் போதும். எழுதி வைக்காத ஐயம்தான் பாதி வழியில் கோப்பைத் திறக்க வைக்கிறது.

படி 2: ஆறப்போடுதல்

கவிதையை ஒன்பதாம் ஆண்டுவரை வெளியிடாமல் வைத்திருக்குமாறு ரோமானியக் கவிஞர் ஹொராஸ் அறிவுறுத்தினார். சிறு கட்டுரைக்கு ஓர் இரவும், சிறுகதைக்கு ஓரிரு வாரமும் போதும் என்பது என் கருத்து. ஒரு வரியைப் படித்ததும் அடுத்த வரி தானாக நினைவுக்கு வந்தால், அது இன்னும் ஆறவில்லை என்று கொள்ளலாம். இடையில் கைபேசியில் திறந்து ஒருமுறை பார்த்தாலும் நினைவு புதுப்பிக்கப்பட்டுவிடும் என்பதால், அந்த நாள்களில் வேறொன்றை எழுதத் தொடங்குவது நல்லது.

படி 3: செம்மையாக்கம்

முதல் வாசிப்பில் எதையும் திருத்தாமல் முழுவதையும் படியுங்கள். அதன்பின் பத்திகளின் வரிசை, தேவையற்ற பகுதிகள், விடுபட்ட விளக்கங்கள் ஆகியவற்றைக் கவனியுங்கள். எழுத்துப்பிழைகளை இப்போது தேட வேண்டாம்; நீக்கப்படவிருக்கும் பத்தியில் ஒற்றுப்பிழை பார்ப்பது வீண் உழைப்பு.

படி 4: இரண்டாம் முறை ஆறப்போடுதல்

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. செம்மையாக்கம் பழைய பிழைகளை நீக்கும்போதே புதியவற்றை உண்டாக்குகிறது என்பதால், இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 'அந்தக் கட்டுரை' என்பதில் கட்டுரையை எடுத்துவிட்டு நூல் என்று மாற்றினால், 'அந்தக் நூல்' என்று பழைய ஒற்று அங்கேயே நின்றுவிடும். 'நூலைப் படித்தேன்' என்பது 'நூலைப் வாசித்தேன்' என்றாகிவிடும். 'ஓர் ஆண்டு' மாதமாக மாறும்போது 'ஓர் மாதம்' என்று இருந்துவிடும். எழுவாயைப் பன்மையாக்கியபின் பயனிலை ஒருமையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. மாற்றிய கண்ணுக்கு மாற்றம் மட்டுமே தெரியும். அதன் இருபுறமும் உள்ள சொற்கள் தெரியமாட்டா. ஆகவே மெய்ப்புப் பார்ப்பதற்கு, அதாவது எழுத்துப்பிழைகளைத் தேடித் திருத்துவதற்கு, முன் இன்னும் ஓர் இரவாவது விடுங்கள்.

படி 5: மெய்ப்புப் பார்த்தல்

திரையைவிட அச்சிட்ட தாளையே நான் விரும்புகிறேன். வரிகளுக்கிடையே இடம் விட்டு அச்சிட்டு, ஓர் அளவுகோலை வரியின் கீழ் நகர்த்தியபடி படிக்கலாம். கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்தி நோக்கிச் சென்றால், கருத்தோட்டம் நம்மை இழுத்துச் செல்லாது. உரக்கப் படித்தால் விடுபட்ட சொற்களும் மூச்சு முட்டும் வாக்கியங்களும் பிடிபடும். ஆனால் பலருடைய உச்சரிப்பில் ணகரமும் னகரமும் ஒன்றாகவே ஒலிப்பதால், செவியை மட்டும் நம்ப இயலாது. வாணி போன்ற பிழைதிருத்தி மென்பொருள்கள் மிகவும் உதவுகின்றன. எனினும் 'பணி' வரவேண்டிய இடத்தில் 'பனி' வந்தால், இரண்டுமே சரியான சொற்கள் என்பதால், அது திருத்தியின் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். அத்தகைய சொற்களுக்குத் தனிப்பட்டியல் வைத்துக்கொண்டு, கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதே என் பரிந்துரை.

பிற்சேர்க்கை: அன்றே அனுப்பியாக வேண்டுமெனில் என்ன செய்வது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். அரை மணி நேரமாவது எழுந்து சென்றுவிட்டு, எழுத்துருவையும் பக்க அகலத்தையும் மாற்றிப் படியுங்கள்; வரிகள் வேறு இடங்களில் முறிவதால் எழுத்து ஓரளவு புதிதாகத் தோன்றும். ஆறப்போட்டுத் திரும்பிய பிறகு எல்லாமே மோசமாகத் தெரிகிறது என்று எழுதியவர்களும் உண்டு. அந்த மனநிலையில் எதையும் அழித்துவிடாதீர்கள். நீக்க விரும்பும் பகுதிகளைத் தனிக்கோப்புக்கு மாற்றி, மெய்ப்பு முடியும்வரை வைத்திருங்கள்.